முந்தின நாள் லடாக்கின் லே நகருக்குப் போய் இறங்கி ஓட முடியாது

"சென்னை வெயிலில் ஓடிப் பழகியவனுக்கு லே அரை மாரத்தான் ஒன்றுமே இல்லை, முந்தின நாள் விமானத்தில் போய் இறங்கினால் போதும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் இதை நம்பிப் போக வேண்டாம்.

மே மாத மெரினாவில் ஓடினால் உடம்பு வெயிலுக்குப் பழகும், சரி. ஆனால் லே சுமார் 3,500 மீட்டர் உயரம். அங்கேயும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான், காற்றழுத்தம்தான் நம் ஊரில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு, அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது, இதை வெயில் பயிற்சி ஈடுகட்டாது. உயரமான இடத்துக்குச் சட்டென்று போனால் வரும் மலை நோயின் தலைவலியும் குமட்டலும் பெரும்பாலும் முதல் நாளிலேயே, அதுவும் இரவில்தான் படுத்தும், விடிந்தால் உங்களுக்குப் பந்தயம்! நன்றாக ஓடுகிறவர் என்று அது யாரையும் விட்டுவைப்பதில்லை. நான் ஒன்பது நாள் முன்னாலேயே போனேன், அப்படியும் முதல் இரண்டு நாள் விடுதி மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கியது.

குறைந்தது ஒரு வாரம் முன்னால் போங்கள், முதல் இரண்டு நாள் ஓடவே ஓடாதீர்கள். மலை நோய்க்கு மாத்திரை வேண்டுமா என்பதைக் கிளம்பும் முன் மருத்துவரிடம் கேளுங்கள். அங்கே உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினால் பந்தயத்தை விட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள், நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம்.