வண்டையும் சேர்த்து அள்ளிவிட்டார்கள்

எங்கள் ஊர் ஏரியில் ஆகாயத்தாமரையை மறுபடியும் அள்ளியிருக்கிறார்கள். இது மூன்றாவது முறை. பொக்லைன் போன மறுநாள் போய்ப் பார்த்தேன். அள்ளியது முழுவதும் கரையிலேயே ஆள் உயரத்துக்குக் குவிந்து நாறிக் கிடக்கிறது. அடுத்த மழைக்குப் பாதி மறுபடியும் தண்ணீருக்குள்தான். (பத்தடி தள்ளிக் கொட்டுவதற்கு டெண்டரில் இடமில்லை போலும்.)

குவியலிலிருந்து ஓர் இலையை எடுத்தேன். நகத்தால் சுரண்டியதுபோல் சின்னச் சின்னப் பழுப்புத் தழும்புகள். காம்பைப் பிளந்தால் உள்ளே புழு குடைந்த வழி. நியோகெட்டினா என்ற கூன்வண்டின் வேலை இது. செடியைப் போலவே வண்டுக்கும் தென் அமெரிக்காதான் பூர்வீகம். 1982இல் பெங்களூருக்குத் தருவித்து, பயிர்களைத் தொடாது என்று சோதித்த பிறகே நம் நீர்நிலைகளில் விட்டார்கள். எங்கள் ஏரிக்கு அது எப்போது வந்ததோ, யாருக்கும் சொல்லாமல் தின்றுகொண்டிருந்திருக்கிறது. அதையும் சேர்த்து வாரிக் கரையில் போட்டாயிற்று. இனி முளைக்கும் செடிக்கு எதிரியே இல்லை.

வண்டை நம்பலாமா என்பவர்கள் கேரளத்தைப் பார்க்கட்டும். அங்கே ‘ஆப்பிரிக்கன் பாயல்’ என்று பெயரெடுத்த சால்வீனியா என்ற மிதக்கும் களை, வாய்க்கால்களையும் வயல்களையும் மூடிக் கிடந்தது. 1983இல் விட்ட வேறொரு கூன்வண்டு சில ஆண்டுகளில் அதை அடக்கியது. ஆஸ்திரேலியாவின் மூண்டாரா ஏரியில் அதே வண்டுக்கு ஓராண்டு சொச்சமே போதுமாயிருந்தது. இதில் ஒரு வேடிக்கை: சால்வீனியாவை வேறொரு இனமாக வெகுகாலம் தவறாக எண்ணியதால், முன்பு அந்த இனத்தில் தேடிப் பிடித்து விட்ட பூச்சிகள் பலிக்கவில்லை. ஆளை மாற்றிப் பிடித்த போலீஸ் கதைதான்.

மருந்தடிக்கச் சொல்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. ஒரே சமயத்தில் செத்த செடி முழுவதும் தண்ணீரிலேயே அழுகி ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டால் மீன் எதைச் சுவாசிக்கும்?

வண்டு மந்திரவாதி அல்ல என்பதும் உண்மை. சாக்கடை கலக்கும் ஏரியில் அது தின்பதைவிட வேகமாகச் செடி துளிர்க்கும். முதலில் சாக்கடை வரும் கால்வாயை அடைக்க வேண்டும். பிறகு மொத்தத்தையும் வழிக்காமல், வண்டுள்ள ஒரு மூலையை விட்டுவைத்து, அள்ளியதைத் தொலைவில் கொண்டுபோய் உரமாக்கலாம். இதைச் சொன்னபோது ஊராட்சியில் ஒருவர், “வண்டுக்கு எந்தக் கணக்கில் பில் போடுவது?” என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

மதகுப் பக்கம் இயந்திரக் கை எட்டாத இடத்தில் ஒரு கொத்து இன்னும் மிதக்கிறது. குவியலைக் கிளறி, தழும்புள்ள செடிகளாகப் பார்த்துப் பத்துப் பன்னிரண்டை அங்கே எறிந்துவிட்டு வந்தேன். பார்த்தவர்கள் எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.