ஊசியோட எடை சேரக் கூடாதில்ல

"ஊசியோட எடை சேரக் கூடாதில்ல அம்மிணி, அதான் உருவிட்டன்."

நேற்று மத்தியானம் எங்கள் சமையல் மேடை முன்னால் நின்றுகொண்டு பெரிய மாமா சொன்னது இது. வலது கையில் என்னுடைய 4 எம்எம் ஊசி. இடது கையில், றெக்கையைப் பிடித்துத் தூக்கிய கோழி மாதிரி, மூணு மாதமாக நான் பின்னிக்கொண்டிருக்கிற சால்வை. ஊசியில் வளையம் வளையமாக மாட்டி நிற்க வேண்டிய 190 கண்ணியும் ஊசியை விட்டு வெளியே. பின்னுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். நானும் குடித்துவிட்டு வருகிறேன்.

சரி, முதலிலிருந்து சொல்கிறேன். சொன்னால்தான் ஆறும்.

ஞாயிற்றுக்கிழமை, ஒரம்பரை வந்திருந்தார்கள். நாட்டுக்கோழிக் குழம்பு, பள்ளிபாளையம் வறுவல் எல்லாம் முடிந்து, ஃபேனுக்கு அடியில் எல்லாரும் சாய்ந்த பிறகு, ஒரே ஒரு வரிசை ஓட்டலாம் என்று எடுத்தேன். தப்பு என்னுடையதுதான். திருப்பூரில், நிட்டிங் யூனிட் வைத்திருக்கிற மனுஷன் எதிரில் உட்கார்ந்து கையால் பின்னுவது, ரைஸ்மில்காரர் வீட்டு வாசலில் உரலைப் போட்டு நெல் குத்துவது மாதிரி.

"என்ன அம்மிணி, ஒயர் கூடையா?"

"இல்லீங்க மாமா, சால்வைங்க. கோத்தகிரில இருக்கற ஃப்ரெண்டுக்கு."

"கையிலயேவா?"

"ஆமாங்க."

"என்ற மிசின் ஒண்ணுல ரெண்டாயிரத்துக்கு மேல ஊசி ஓடுது. 30 இஞ்ச் டயா, 24 கேஜ். உங்கிட்ட எத்தனை ஊசி?"

"ரெண்டுங்க."

அவர் முகத்தில் அப்போது வந்த இரக்கத்தை, ஆஸ்பத்திரிக்கு ஆர்லிக்ஸ் வாங்கிக்கொண்டு வருகிறவர்களிடம்தான் பார்த்திருக்கிறேன். செல்போனை எடுத்துக் கால்குலேட்டரைத் திறந்துவிட்டார். ஒரு நாளைக்கு எத்தனை பீஸ் எடுப்பே? ஒரு பீஸுக்கே அஞ்சு மாசம் ஆகுங்க மாமா. அஞ்சு மாசமா? கூலி யார் குடுக்கறது? யாரும் குடுக்கறதில்லீங்க. அப்ப லேபர் சைபர்னு போட்டுக்கறன். நூல் என்ன ரேட்டு?

இந்த இடத்தில் நான் பொய் சொல்லியிருக்க வேண்டும். நூல் விலையை வீட்டில் உண்மையாகச் சொன்ன பின்னல்காரி எவளாவது இருந்தால் கையைத் தூக்குங்கள், உங்களுக்குக் கோயில் கட்டுகிறேன். எனக்கு அன்றைக்கென்று நாக்கில் சனி. 100 கிராம் 1,400 ரூபாய் என்று சொல்லித் தொலைத்தேன். "கிலோ பதினாலாயிரமா!" என்று மாமா போட்ட சத்தத்தில், பின்கட்டில் படுத்திருந்த மாமியார் எழுந்து வந்து உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. போன மாசம் வந்த பார்சலை நினைத்துக்கொண்டிருந்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

அத்தோடு விட்டாரா? சட்டைப் பையிலிருந்து நூல் எண்ணுகிற லென்ஸை எடுத்தார். கோழி விருந்துக்கு லென்ஸோடு வருகிறார் மனுஷன்! அதைச் சால்வை மேல் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துவிட்டு, "ஓட்டை ஓட்டையா இருக்குதே, செக்கிங்ல ரிஜெக்ட் ஆயிருமே" என்றார். லேஸ் என்றால் ஓட்டைதான் மாமா, ஓட்டைக்காகத்தான் இவ்வளவு பாடும் என்று விளக்கினேன். தலையாட்டினார். தலையாட்டிவிட்டு, "என்ன ஜிஎஸ்எம்?" என்றார்.

ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் ஜிஎஸ்எம். எங்கள் ஊரில் ஜாதகத்துக்கு அடுத்தபடியாகக் கேட்கப்படுகிற விஷயம். கம்பெனிகளில் இதற்கென்றே வட்டமாக வெட்டுகிற கட்டர் இருக்கும். 100 சதுர சென்டிமீட்டருக்கு ஒரு துண்டு வெட்டி, எடை போட்டு, நூறால் பெருக்குவார்கள். நேற்று மாமா கையில் கட்டர் இல்லாமல் போனது எங்கள் குலதெய்வம் போட்ட பிச்சை. ஆனால் இஞ்ச் டேப் இருந்தது. நான் நூலை நிறுப்பதற்கு வாங்கி வைத்திருக்கிற குட்டித் தராசு மேடையில் இருந்தது. நான் கொல்லையில் பாத்திரம் போடப் போனது ரெண்டே நிமிஷம்.

திரும்பி வந்தால் தராசில் 62 கிராம். மாமா முகத்தில் திருப்தி. நேர்மையான மனுஷன் பாருங்கள், ஊசியோடு சேர்த்து நிறுத்தால் கணக்கு தப்பாகிவிடுமாம்.

"மறுக்கா கோத்துட்டா முடிஞ்சுதில்ல" என்றார் வீட்டுக்காரர். அதுவரை வாயைத் திறக்காத மனுஷன், திறந்து சொன்னது இதைத்தான். சாதாரணப் பின்னலாக இருந்தால் கோத்துவிடலாம். லேஸில், ஊசி மேல் சும்மா ஒரு சுற்று நூலைப் போட்டுத்தான் ஓட்டை வருகிறது. அந்தச் சுற்று ஊசியை விட்டு நழுவினால், அங்கே ஒரு கண்ணி இருந்த சுவடே தெரியாமல் பக்கத்து நூலோடு போய்ச் சேர்ந்துவிடும். கோக்க ஆரம்பித்து எண்ணிப் பார்த்தேன், 171. மறுபடி எண்ணினேன், 168. "காபி எனக்குச் சக்கரை கம்மியா" என்றார் மாமா. அப்புறம் எண்ணவில்லை.

கழன்றாலும் கண்ணிகள் அந்த வரிசையோடு நிற்கட்டும் என்று ஊடே ஓட்டி வைக்கிற காப்பு நூலைப் பக்கத்து வரிசையில் கோத்து வைத்திருந்தால் தப்பித்திருக்கலாம். கடைசியாகக் கோத்தது 42 வரிசைக்குக் கீழே. ஆக 42 வரிசையும் பிரிக்க வேண்டும், 7,980 கண்ணி. பூ வருகிற வரிசை எனக்குப் பதினைந்து நிமிஷம், திரும்பி வருகிற வரிசை எட்டு நிமிஷம். மொத்தம் எட்டு மணி நேரம், மூணு நிமிஷம். பத்து வருஷமாக ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை, காலையிலிருந்து ராத்திரி வரை காஸ்டிங் ஷீட்தான் என் பிழைப்பு. அந்தப் பழக்கத்தில் மனசு உடனே கணக்குச் சொல்லிற்று: முழுசாக ஒரு ஷிப்ட். ரேட் போடாமல் நான் செய்கிற ஒரே வேலை இது. அதற்கும் நானே ஷிப்ட் கணக்குப் போட்டுவிட்டேன் என்று தெரிந்தபோதுதான், மாமா மேலே வந்ததை விட அதிகமாகக் கோபம் வந்தது.

ராத்திரி பதினொரு மணிக்குத் தனியாக உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருக்கிறேன், வாட்ஸப்பில் மாமா. "120 ஜிஎஸ்எம் வருது அம்மிணி. மிசின்ல அடிச்சா ஒரு நாள் வேலை. எத்தனை பீஸ் வேணும்?"

என்னென்னவோ டைப் செய்தேன். அத்தனையும் அழித்தேன். கடைசியில் அனுப்பியது: "அலசி, இழுத்துக் குண்டூசி குத்திக் காய வெச்சா விரியுங்க மாமா. ஜிஎஸ்எம் இன்னும் குறையும்."

உடனே பதில் வந்தது. "ஓ. ஷ்ரிங்கேஜ் எத்தனை பர்சண்ட்?"

நடு ராத்திரியில், மடி முழுக்கச் சுருண்டு கிடக்கிற கம்பளி நூலை வைத்துக்கொண்டு சிரித்தேன். வியர்வையில் நூல் தொடையில் ஒட்டிக்கொண்டது, அதற்கும் சிரித்தேன். வீட்டுக்காரர் எழுந்து வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார்.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. மிச்சக் குழம்பை ஊற்றிக் கொடுத்த தூக்குப்போசி. போன பொங்கலுக்குக் கொடுத்ததே இன்னும் வரவில்லை, இது ரெண்டாவது. முதல் போசியாவது கடையில் வாங்கியது. இதன் மூடியில் எங்கம்மா பேர் வெட்டியிருக்கிறது, மாமா.