எதைச் சோதித்தோம் என்று கையொப்பமிடுவது?

நேற்று மாலை ஐந்தரை மணிக்கு, தேயிலைக் கொழுந்துக் கணக்கை முடித்துவிட்டுத் தோட்ட அலுவலகத்தைப் பூட்டப் போகும் நேரத்தில், தலைமை அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்து விழுந்தது. சம்பள மென்பொருளின் புதிய பதிப்பை நாங்கள் முழுமையாகச் சோதித்துத் திருப்தியடைந்துவிட்டோம் என்ற படிவத்தில் கையொப்பமிட்டு, இன்று நண்பகலுக்குள் திருப்பி அனுப்ப வேண்டுமாம். படித்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. எந்தச் சோதனை? யார் செய்தது? எப்போது?

கடந்த வியாழக்கிழமை ஹட்டனில் நடந்ததைத்தான் சோதனை என்கிறார்கள் போலும். பல தோட்டங்களிலிருந்து வந்த, செக்ரோல் என்னும் தொழிலாளர் வரவு, சம்பளப் பதிவேட்டை எழுதும் என்னைப் போன்ற கிளாக்கர்மார் 23 பேர். எங்களுக்கு முன்னால் 6 கணினிகள். ஒன்பதரைக்குத் தொடங்கிய கூட்டத்தில், கொழும்பிலிருந்து வந்த தம்பி ஒன்றரை மணித்தியாலம் திரையின் புதிய நிறத்தையும், மேலே இருந்த பட்டியல் இடப்பக்கம் போயிருப்பதையும் காட்டிக்கொண்டிருந்தார். தேநீருக்குப் பிறகு ஆளுக்கு நாலு பக்கத் தாள் ஒன்றைக் கொடுத்து, “இனி டெஸ்ட் பண்ணுங்க” என்றார். அதற்கு எங்களைத் தயார்ப்படுத்தியது அவ்வளவுதான்.

அந்தத் தாளின் முதல் வரியை என்னால் மறக்கவே முடியவில்லை. “சம்பளத்தைக் கணக்கிடவும். எதிர்பார்க்கும் விளைவு: சம்பளம் சரியாகக் கணக்கிடப்படும்.” சரியாக என்றால் எவ்வளவு? எத்தனை நாள் வேலை செய்தவருக்கு, என்னென்ன கழிவுகளோடு? அதற்கு ஒரு தொகைகூட அதில் எழுதப்படவில்லை. மாதிரிக்குத் தந்திருந்த தொழிலாளியோ மாதச் சம்பளக்காரர். விடுமுறை இல்லை, கழிவு இல்லை, முற்பணம் இல்லை. எங்கள் செக்ரோலில் அப்படி ஒருவரும் இல்லையே! எங்கள் ஆட்களுக்கு நாட்கணக்கில் பேர் விழுகிறது (ஒரு பேர் என்றால் ஒரு நாட்கூலி), குறித்த கிலோ வராத நாளில் அரைப் பேர் விழுகிறது, மேலதிகக் கிலோவுக்குத் தனிக் காசு, அதன் பின் தீபாவளி முற்பணம், தொழிற்சங்கச் சந்தா, கோயில் பணம் என்று கழிவுகள் நீள்கின்றன.

ஆகவே தாளை ஓரமாக வைத்துவிட்டு எனக்குத் தெரிந்த கணக்கொன்றைப் போட்டேன். 18 முழுப் பேர், ஓர் அரைப் பேர். 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தின்படி 24,975 ரூபாய் வர வேண்டும். திரையில் 24,300 என்று வந்தது. மீண்டும் போட்டேன், மீண்டும் 24,300. பக்கத்தில் இருந்த அக்காவையும் போடச் சொன்னேன். அவருக்கும் அதே தொகைதான். 18.5 என்று நான் அடித்ததைப் பெற்றுக்கொண்ட கணினி, எதுவும் சொல்லாமல் அரைப் பேரைத் தின்றுவிட்டது. தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். திரையில் சிவப்பு எழுத்து எதுவும் இருக்கவில்லை. “எரர் ஒன்றும் வரல்லைதானே மிஸ், பாஸ் போடுங்க” என்றார்.

“தம்பி, 675 ரூபாய் குறைகிறதே?” என்றேன்.

“அது பிழையில்லை மிஸ், புதுத் தேவை. அதைப் பிறகு வேறாக எழுதித் தரலாம்.”

அரைப் பேர் புதுத் தேவையா? என் அப்பா காலத்துச் செக்ரோல் புத்தகத்திலும் அரைப் பேர் இருந்தது. அந்த 675 ரூபாய் என்பது மழையில் நனைந்து, அட்டைக்கடியோடு மலைச்சரிவில் நின்று ஒரு பெண் உழைத்த கூலி. சம்பளத்தன்று அவள் சீட்டைப் பிடித்துக்கொண்டு என் ஜன்னலில்தான் வந்து நிற்பாள். மென்பொருள் எழுதியவரிடம் போக மாட்டாள்.

சம்பளத்தோடு இது நிற்பதும் இல்லை. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் 8 சதவீதமும் கம்பனியின் 12 சதவீதமும் அந்தத் தொகையிலிருந்துதான் கணக்கிடப்படுகின்றன; ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குக் கம்பனி கட்டும் 3 சதவீதமும் அப்படியே. ஒவ்வொரு மாதமும் குறையும் சில்லறையை யாரும் கவனிக்கப் போவதில்லை. அவள் 50 வயதில் சேமலாப நிதியை எடுக்கப் போகும் நாளில் அந்தக் குறையை எந்தத் தாளைக் காட்டி நிரூபிப்பாள்? அடையாள அட்டை இலக்கத்திலும் இதே அலட்சியம். 2016 முதல் வரும் 12 இலக்கங்களை மட்டுமே புதிய பதிப்பு ஏற்கிறது. எங்கள் மூத்த தொழிலாளர்களின் கையில் இருப்பது ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும் கொண்ட பழைய அட்டை. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் ஏற்றிய பெயர்களோ ஆங்கில எழுத்தும் குறியீடுகளுமாகச் சிதறிக் கிடந்தன. பெயரில் ஓர் எழுத்து மாறினாலே நிதியை எடுக்க அலைய வேண்டியிருக்கும் மக்களுக்கு இது என்ன கொடுமை என்று அந்த மண்டபத்தில் இருந்த அத்தனை கிளாக்கர்மாருக்கும் தெரியும். அதை எழுதுவதற்குத்தான் தாளில் இடம் இருக்கவில்லை.

எங்களைச் சோதிக்கச் சொல்வது தவறென்று நான் சொல்லவே இல்லை. சோதிக்க வேண்டியவர்கள் நாங்கள்தான். ஆனால் இரண்டு வாரத்துக்கு முன்பே எங்களிடம் வந்து, உங்கள் தோட்டத்தில் சிக்கலான கணக்குகள் எவை என்று கேட்டிருக்க வேண்டாமா? போன மாதச் செக்ரோலைப் பெயர்களை மறைத்துச் சோதனைக் கணினியில் ஏற்றி, பழைய முறையில் கொடுத்த சம்பளத்தையும் புதிய முறையில் வரும் சம்பளத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தால், அந்த அரைப் பேர் முதல் மணித்தியாலத்திலேயே அகப்பட்டிருக்கும். பிழை கண்டால் யாரிடம் சொல்வது, திருத்திவிட்டார்கள் என்று எப்படி அறிவது, ஒன்றைத் திருத்தும்போது வேறொன்று கெட்டிருக்கிறதா என்று மறுபடி எப்போது பார்ப்பது என்பதையெல்லாம் ஒருவரும் சொல்லவில்லை. நாங்கள் ஹட்டனில் இருந்த நேரத்தில் எங்கள் வேலையைப் பார்க்கவும் எவரையும் வைக்கவில்லை. அன்று திரும்பி வந்தபோது என் மேசையில் நிறுவைச் சீட்டுகள் குவிந்திருந்தன. இரவு எட்டு மணி வரை அவற்றைப் பதிந்தேன். பத்தாம் திகதிச் சம்பளம் எங்கள் பயிற்சிக்காகத் தள்ளிப் போகுமா?

நான் கையொப்பமிடவில்லை. படிவத்தின் அடியில் இருந்த குறிப்புக் கட்டத்தில், 18.5 பேருக்கு 24,975 ரூபாய் வர வேண்டிய இடத்தில் 24,300 வருகிறது என்றும், பழைய அடையாள அட்டை இலக்கம் ஏறவில்லை என்றும், பெயர்கள் சிதைந்திருக்கின்றன என்றும் எழுதி, காலை எட்டு மணிக்கே அனுப்பிவிட்டேன். பத்து மணிக்குத் தொலைபேசி அடித்தது. பிழைகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேறொரு படிவம் அனுப்பியிருப்பதாகவும் அதில் கையொப்பமிடுமாறும் சொன்னார்கள். திறந்து பார்த்தேன். குறிப்புக் கட்டத்தை எடுத்துவிட்டிருக்கிறார்கள்.