"கலர் கலக்காதே" என்று இனிமேல் சொல்ல மாட்டேன்

போன வருடம் மகளின் நான்காவது பிறந்தநாளுக்கு ஆறு டப்பா களிமண் வாங்கிக் கொடுத்தோம். கடையில் 'கிளே' என்று கேட்டால் எடுத்துத் தருவார்களே, அதுதான். 380 ரூபாய். பிரித்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, மஞ்சளையும் நீலத்தையும் சேர்த்து உருட்ட ஆரம்பித்துவிட்டாள். "கலர் கலக்காதேம்மா, வீணாப் போயிடும்" என்றேன். உடனே கையை எடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு கலரைத் தனித்தனியாகப் பிரித்து டப்பாவில் போட்டு மூடுவதே அவளுக்குப் பெரிய வேலையாகிப் போனது. இரண்டு வாரத்தில் அதைத் தொடுவதையே விட்டுவிட்டாள்.

மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சை வரும் என்று தானாகக் கண்டுபிடித்திருப்பாள். 380 ரூபாயை நினைத்து நான் அதைத் தடுத்துவிட்டேன். இன்றும் அது எனக்கு உறுத்துகிறது.

விளையாட்டுப் பொருளை வீட்டில் செய்வது நல்லது என்பவர்கள் இயற்கை, பாரம்பரியம், பிளாஸ்டிக் ஒழிப்பு என்று பல காரணம் சொல்வார்கள். எல்லாம் சரிதான். ஆனால் எனக்கு அவற்றைவிடப் பெரிய காரணம் விலை. பொருள் மலிவாக இருந்தால்தான் குழந்தை அதைப் பாழாக்குவதை நம்மால் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்க முடியும். பாழாக்காமல் எந்தக் குழந்தையும் எதையும் கண்டுபிடித்ததில்லை.

இப்போது எங்கள் வீட்டில் மாவு கிண்டுகிறோம். 2 டம்ளர் மைதா, 1 டம்ளர் தூள் உப்பு, 2 டம்ளர் தண்ணீர், 2 ஸ்பூன் எண்ணெய், ஒரு எலுமிச்சம்பழத்தின் சாறு. கட்டியில்லாமல் கரைத்து, அடிகனமான வாணலியில் சிறு தீயில் களி கிண்டுவதுபோலக் கிண்ட வேண்டும். முதலில் தோசை மாவு மாதிரி இருக்கும், அப்புறம் அடியிலிருந்து திரளும். வாணலியில் ஒட்டாமல் ஒரே உருண்டையாகச் சுருண்டு வந்ததும் இறக்கிவிடலாம். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் பிசைவது மகளின் வேலை. அந்த இளஞ்சூடு அவளுக்கு அவ்வளவு பிடிக்கும், கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வாள்.

முதல் தடவை, எதற்கு இவ்வளவு உப்பு என்று பாதியாகக் குறைத்தேன். நான்காம் நாள் பூசணம் பூத்துவிட்டது. ஊறுகாய்க்கு உப்பு என்ன செய்கிறதோ அதையேதான் இங்கேயும் செய்கிறது. சரியான அளவில் போட்டு, காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் மூன்று வாரம் தாராளமாக வரும். ஆனால் இவ்வளவு உப்புள்ள மாவைச் சின்னக் குழந்தைகள் விழுங்கக் கூடாது. எதையும் வாயில் வைக்கும் வயதில் இருக்கும் குழந்தையிடம் தனியாகக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். வீட்டில் நாய் இருந்தால் அதற்கும் எட்டாமல் வையுங்கள், நாய்க்கு இது உண்மையிலேயே ஆபத்து. நிறத்துக்கு உணவில் சேர்க்கும் கலர் போதும், மஞ்சள் தூளும் நன்றாக வரும். கலர் கோலப்பொடியை மட்டும் சேர்க்க வேண்டாம். அது தரைக்குச் செய்தது.

பத்து நாளில் எல்லாக் கலரும் கலந்து சேற்று நிறமாகிவிடும். மகள் அதற்கு 'யானைக் களிமண்' என்று பெயர் வைத்திருக்கிறாள். அந்த நிறம் வந்தால் யானை மட்டும்தான் செய்வாள். அதுவும் தீர்ந்தால் மறுபடி கிண்டுவோம்.

உலகம் முழுக்க விற்கும் பிளே-டோ என்ற விளையாட்டு மாவின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். அமெரிக்காவின் சின்சினாட்டியில், நிலக்கரி அடுப்புப் புகை படிந்த சுவர்க் காகிதத்தைத் துடைக்கச் செய்த மாவு அது. நிலக்கரி அடுப்புகள் போனதும் வியாபாரம் படுத்தது. கே ஸூஃபால் என்ற நர்சரி ஆசிரியை அதைத் தன் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தார். அப்புறம்தான், 1956இல், அது பொம்மைக் கடைக்கு வந்தது. முதலில் அதை உருட்டி விளையாடிய பிள்ளைகளிடம் யாரும் கலர் கலக்காதே என்று சொல்லியிருக்க முடியாது. துடைக்கிற மாவுதானே!

வண்ணத்துக்கு வருகிறேன். இது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்து ஒரு வெள்ளைத்தாள் முழுக்கப் பூசிக் காயவிடுங்கள். துணி சோப்பைக் கரைத்த தண்ணீரில் பஞ்சைத் தொட்டு அதன்மேல் கோடு போடச் சொல்லுங்கள். கோடு செக்கச்செவேலென்று வரும். அதன்மேல் எலுமிச்சைச் சாறு விட்டால் திரும்பவும் மஞ்சள். ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்கிறதே, அதே சங்கதிதான். ஆனால் சுண்ணாம்பைக் குழந்தை கையில் கொடுக்கக் கூடாது, கண்ணில் பட்டால் கண்ணையே கெடுத்துவிடும். சங்குப்பூவை வெந்நீரில் போட்டால் நீலம், அதில் எலுமிச்சை விட்டால் ஊதா. தேக்கங்கொழுந்தைக் கசக்கினால் உள்ளங்கை சிவக்கும், இதற்குத் தாளும் வேண்டாம், தூரிகையும் வேண்டாம்.

இன்னொன்றையும் செய்து பாருங்கள். மஞ்சள் தூளை மருந்துக்கடை சர்ஜிகல் ஸ்பிரிட்டில் கரைத்து, தெளிந்த நீரைத் தாளில் பூசி நிழலில் காயவையுங்கள். தீப்பற்றும் பொருள் என்பதால் இதைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும், அடுப்பங்கரைக்கு வெளியே. காய்ந்த தாளின்மேல் ஒரு முருங்கைக் கொத்தை வைத்து, மேலே கண்ணாடி வைத்து, மொட்டை மாடி வெயிலில் மூன்று நான்கு மணி நேரம் விடுங்கள். வெயில் பட்ட இடமெல்லாம் வெளுத்திருக்கும். இலையை எடுத்தால் அதன் அடியில் முருங்கை அப்படியே மஞ்சளாக நிற்கும். சித்திரை வெயிலைத் திட்டிக்கொண்டே இருக்கும் ஊரில், ஒரு குழந்தை "இன்னிக்கு வெயில் வருமா?" என்று ஆசையாகக் கேட்பதை நான் கேட்டேன்.

இப்போது கொஞ்சம் கோபத்தோடு ஒன்று. எல்.கே.ஜி.யில் ஆப்பிள் படம் ஒன்றைக் கொடுத்து, சிவப்புக் காகிதத்தைக் கிழித்து உள்ளே ஒட்டி வரச் சொன்னார்கள். மைதாவைக் காய்ச்சிப் பசை செய்து கொடுத்தேன். (புத்தகம் பைண்டிங் செய்பவர்கள் பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம், குழந்தைகளுக்கான பசையில் கூடவே கூடாது.) மகள் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து கிழித்து ஒட்டினாள். பாதிக் காகிதம் கோட்டுக்கு வெளியே இருந்தது. 'அம்மா உதவி செய்யவும்' என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள். என்ன உதவி? அவள் கையிலிருந்து பிடுங்கி நான் ஒட்ட வேண்டுமா? பெரிய வகுப்புப் பிள்ளைகளின் தெர்மக்கோல் காற்றாலைகளை அப்பாக்கள் ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து செய்கிறார்கள், இல்லையென்றால் கடையில் ரெடிமேடாக வாங்கி அனுப்புகிறார்கள். மதிப்பெண் யாருக்கு? ஆசிரியர்களைக் கைகூப்பிக் கேட்கிறேன், கோணலாக வந்ததை வாங்கிக்கொள்ளுங்கள். அதுதான் பிள்ளை செய்தது.

அரவிந்த் குப்தாவைப் பலருக்கும் தெரிந்திருக்கும். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர், 2018இல் பத்மஸ்ரீ வாங்கியவர். சைக்கிள் வால்வு ட்யூபைச் சின்னச் சின்னதாக வெட்டி, தீக்குச்சிகளை அதில் செருகி, முக்கோணம், பெட்டி, வீடு என்று கட்டக் கற்றுக்கொடுப்பார். மருந்தைச் சுரண்டி எடுத்த குச்சிதான் வேண்டும். செலவு பத்து ரூபாய் ஆகாது. சதுரம் ஆடும், முக்கோணம் ஆடாது என்பதை என் மகள் அதில் தானே தெரிந்துகொண்டாள்.

இதையெல்லாம் செய்யும்போது திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஆச்சியை நினைக்காமல் இருக்க முடிவதில்லை. ஆச்சி எங்களுக்கென்று விளையாட்டுப் பொருள் எதுவும் செய்ததில்லை. அவர்களுக்கு வேலை இருந்தது, வேலையில் மிஞ்சியது எங்களுக்கு வந்தது. முறுக்கு சுற்றினால் கடைசி மாவு, அடுப்பு பூசினால் மிச்ச மண், நுங்கு சீவினால் கூந்தல், அதாவது நுங்கு எடுத்த வெறும் காய். கூந்தல் இரண்டு கிடைத்தால் வண்டி ரெடி. இன்று நம் வீடுகளில் அந்த வேலைகளே இல்லை, அதனால் மிச்சமும் இல்லை. குழந்தைக்கென்றே மாவு கிண்ட வேண்டியிருக்கிறது.

வருடத்துக்கு ஒரு முறை முறம் மெழுகுவார்கள். பழைய காகிதத்தை இரண்டு நாள் ஊறப்போட்டு, வெந்தயத்தோடு சேர்த்து ஆட்டுக்கல்லில் ஆட்டி, அந்தக் கூழை முறத்தின் இடுக்கெல்லாம் அப்பித் தடவுவார்கள். வீடு முழுக்க வெந்தய வாசம் அடிக்கும். மெழுகி முடித்ததும் மிஞ்சிய கூழில் எனக்கு ஒரு கை, அண்ணனுக்கு ஒரு கை. ஒரு வருடம் நான் தொட்டில் செய்தேன். அண்ணன் செய்தது என்னவென்று அவனுக்கே சொல்லத் தெரியவில்லை. ஆச்சியும் கேட்கவில்லை. முறத்துக்குப் பக்கத்திலேயே, கிணற்றடிச் சுவரில் இரண்டையும் வெயில் படும்படி எடுத்து வைத்தார்கள்.