சூரியன் விழுறதைப் பாக்கவும் 18 வீதம் வற்

முந்தநாள் இரவு வந்த கோவம் இன்னும் இறங்கேல்லை. "விடுங்கோப்பா, போன காசு போட்டுது" எண்டுறா மனிசி. காசு போனது போகட்டும். அம்மாவைப் பசியோட இருத்தி வைச்சுக் காசு குடுத்திட்டு வந்தனாங்களே, அதுதான் தொண்டைக்குள்ள மீன் முள்ளு மாதிரி நிக்குது.

அம்மாக்கு 70 வயது முடிஞ்சுது. கொழும்பில இருக்கிற தம்பி அதுக்கெண்டே லீவு எடுத்து வந்து நிண்டான். "இரவுக்கு ஒருத்தரும் அடுப்பு மூட்டப்படாது, நான் மேசை சொல்லிப்போட்டன்" எண்டான். யாழ்ப்பாணத்தில பண்ணைப் பக்கம், மேல்மாடியில, கடலைப் பாத்துக்கொண்டு சாப்பிடுற இடமாம். ஸ்பெயின்காரற்ர சாப்பாடாம், பேர் தாப்பாஸ். அம்மாக்கு அது தாப்பாள் எண்டு கேட்டுது. "கதவுத் தாப்பாளுக்கும் சாப்பாட்டுக்கும் என்னடா சம்பந்தம்?" எண்டா. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சம். அண்டைக்கு வயிறு நோகச் சிரிச்சது அது ஒண்டுக்குத்தான். பிறகு நொந்தது பசியில.

அம்மா, நான், மனிசி, பிள்ளையள் இரண்டு, தம்பி. ஆறு பேர். பின்னேரம் ஆறுக்குக் கொஞ்சம் முந்திப் போய் இருந்தம். ஆனி மாதம், சோளகம் சுழட்டி அடிக்குது. மேசைத் துணி எழும்பி அம்மான்ர முகத்தில அடிக்க, அவ தன்ர கைப்பையைத் தூக்கி அதுக்கு மேல வைச்சிட்டா. மெனு எங்க எண்டா மெனு இல்லையாம். மேசையில ஒட்டியிருக்கிற கறுப்புக் கட்டத்தை போனால ஸ்கான் பண்ணிப் பாக்க வேணுமாம். அம்மாட்ட இருக்கிறது பட்டன் போன். பிறந்தநாள்காரிக்கு என்ன சாப்பாடு இருக்கெண்டு பாக்கவே வழியில்லை.

ஒரு பெடியன் வந்தான். கறுப்புச் சேட்டு, கறுப்பு ஏப்ரன். எங்கட ஆறு மூஞ்சையையும் பாத்தாப் பிறகும் இங்கிலீசில தொடங்கினான். இது ஒரு "கொன்செப்ற்" ஆம். தட்டுகள் சின்னதாத்தான் வருமாம், ஒண்டொண்டா வருமாம், எல்லாரும் பகிர்ந்து சாப்பிட வேணுமாம். தம்பி அதைத் தமிழில சொன்னான். அம்மா அந்தப் பெடியனை நிமிர்ந்து பாத்திட்டுக் கேட்டா: "நாங்கள் என்ன இவ்வளவு காலமும் அறைக்குள்ள பூட்டி வைச்சோ சாப்பிட்டனாங்கள்?"

சரியான கேள்வி. ஒடியல் கூழ் காய்ச்சிற வீட்டில போய்ச் சொல்லிப் பாருங்கோ பகிர்ந்து சாப்பிடுறது புதுசு எண்டு. ஒரே பானைக்குள்ள நண்டு, இறால், மீன்தலை, பயத்தங்காய், பிலாக்கொட்டை எல்லாம் கொதிக்கும். சுத்திவர இருந்து பிலாவிலையைக் கோலிப் பிடிச்சுக் குடிப்பம். பக்கத்து வீட்டுக்காரர் வந்தா இன்னொரு பிலாவிலை. ஆருக்கு எத்தினை நண்டுக்கால் எண்டு ஒருத்தரும் எண்ணுறேல்லை.

இங்க எண்ண வேண்டி வந்தது. முதல் வந்தது உள்ளி போட்ட இறால். கம்பாஸ் அல் அஹீயோ எண்டு பேர். சின்னப் பிள்ளையள் மண்சோறு காய்ச்சி விளையாடுற சட்டியளவில ஒரு மண்சட்டி, அதுக்குள்ள எண்ணெய், எண்ணெய்க்குள்ள அஞ்சு இறால். ஆறு பேருக்கு அஞ்சு இறால்! விலை 2,900. அம்மா "எனக்கு வேண்டாம், பிள்ளையளுக்குக் குடு" எண்டா. பிறந்தநாள் அண்டைக்கும் அம்மாமார் அப்பிடித்தான் சொல்லுவினம், அதைக் கேக்க நான் மேல்மாடி ஏற வேண்டிக் கிடக்கு. ரோசத்தில தம்பி இன்னொரு சட்டி சொன்னான். அதிலயும் அஞ்சு. அந்தக் காசுக்குப் பாசையூர்ச் சந்தையில எவ்வளவு இறால் வாங்கலாம் எண்டு அம்மா மனசுக்குள்ள கணக்குப் போட்டதை நான் அவவின்ர உதட்டில பாத்தன்.

பொய் சொல்லப்படாது, இறால் திறமா இருந்தது. பதமா எடுத்திருந்தாங்கள். எண்ணெயைப் பாணில தொட்டுச் சாப்பிட்டா அமிர்தம். ஆனா பாண் வேற கணக்கு! நாலு துண்டு பாணில தக்காளியைத் தேச்சு வைச்சது 950.

இனி சூரியன். அதுக்காகத்தானே போனது. நாங்கள் ஓடர் குடுத்திட்டு இருக்கேக்க அது சிவந்து தண்ணிக்குக் கிட்ட வந்திட்டுது. கடலுக்குள்ள தடி நட்டுக் கட்டின வலைக்கு மேல நீர்க்காகம் இருந்து செட்டையை விரிச்சுக் காயவிடுது. வடிவுதான், இல்லையெண்டேல்லை. ஆனா எங்களால பாக்க முடியேல்லை. எங்கட மேசை கம்பி ஓரம் எண்டபடியால் மற்ற மேசைக்காரர் எல்லாரும் எங்கட கதிரைக்கும் கம்பிக்கும் இடையில வந்து நிண்டு படம் எடுக்கினம். ஒரு பிள்ளை "அன்ரி, கொஞ்சம் தலையைக் குனியுறீங்களோ?" எண்டு மனிசியைக் கேட்டுது. குனிஞ்சா. நிமிரேக்க சூரியன் இல்லை. முதல் சட்டி இறால் வந்தது அதுக்குப் பிறகு. இருட்டினதும் நீல லைற்றைப் போட்டாங்கள், முன்னால இருக்கிற கண்ணாடியில எங்கட பசிச்ச முகங்கள்தான் தெரிஞ்சுது. கடலைக் காணேல்லை.

அந்தச் சூரியனை ஆர் கட்டினது? பண்ணை றோட்டில பின்னேரம் போய்ப் பாருங்கோ. கச்சான் சுருளோட கட்டில இருந்து சனம் அதே சூரியனைப் பாக்குது, கண்ணாடி இல்லாமல், கழுத்து நோகாமல், கோட்டை மதிலையும் சேத்து.

தாப்பாஸ் எண்டா என்னெண்டு நான் அறியாமல் கத்தேல்லை. தாப்பா எண்டா ஸ்பானிய மொழியில மூடி. வைன் கிளாசுக்குள்ள இலையான் விழாமல் ஒரு துண்டு பாணையோ இறைச்சியையோ மேல மூடிக் குடுத்ததில வந்த பேர் எண்டு ஒரு கதை இருக்கு. கிரனாடா எண்ட ஊரில இண்டைக்கும் குடிக்க ஒண்டு வாங்கினா ஒரு சின்னத் தட்டு சும்மா வரும். பாஸ்க் பக்கத்தில பாண் துண்டில குத்தியிருக்கிற குச்சியை எண்ணிக் காசு எடுக்கிற கடையள் இருக்கு. சனம் நிண்டபடி ஒண்டு ரண்டு கடிச்சிட்டு அடுத்த கடைக்கு நடக்கும். பெரிய ஆக்களின்ர சாப்பாடில்லை அது, வேலை முடிச்சு வாறவன்ர கொறியல்.

அப்ப எங்கட ஊரில அது இல்லையோ? இருக்கு. அதுக்குப் பேர் தவறணை. கள்ளுப் போத்தல், பக்கத்தில பொரிச்ச மீன், கணவாய்ப் பிரட்டல், அவிச்ச கடலை. பேரே போர்த்துக்கேயன் விட்டிட்டுப் போனது எண்டுதான் சொல்லுறவை. ஸ்பெயின்காரன் தபேர்ணா எண்டுவான், நாங்கள் தவறணை எண்டுறம். கதிரை, பாண், குசினி, அலுமாரி எல்லாம் அவையளின்ர சொல்லுத்தானே. 1619இல சங்கிலியனைப் பிடிச்சு யாழ்ப்பாண அரசை முடிச்சாங்கள், அந்தக் காலம் போர்த்துக்கலுக்கும் ஸ்பெயினுக்கும் ஒரே அரசன். 400 வருசத்துக்கு முந்தி ராச்சியத்தையே எடுத்தவைக்கு 5,000 கிட்ட வற் (VAT) வரி கட்டவோ நான் இப்ப மேல்மாடி ஏறினது?

வற் கணக்குக்கு வாறன், பொறுங்கோ.

நடுவில வந்ததுகளைச் சுருக்கமாச் சொல்லுறன். உருளைக்கிழங்கு, பொரிச்சு மேல உறைப்புச் சோஸ். குரோக்கெத்தா எண்டு நாலு உருண்டை, கட்லட்டின்ர ஒண்டுவிட்ட தம்பி. கணவாய் ஏழு வளையம். நண்டு எண்டது ரோஸ்ற் பண்ணின பாணில ஒரு தேக்கரண்டிச் சதை. நண்டுக்காலைப் பல்லால உடைச்சு உறிஞ்சித் தின்னுற அம்மா அதைப் பாத்திட்டு "நண்டு எங்கயடா?" எண்டா. எங்கட சின்னவனுக்கு ஒம்பது வயது, அவன் கேட்டான், "அப்பா, சோறு எப்ப வரும்?"

அதுக்குள்ள அம்மா அந்தப் பெடியனைக் கூப்பிட்டு "தம்பி எந்த ஊர்?" எண்டு கேட்டா. "நாவாந்துறை அம்மா." அவ்வளவுதான், இங்கிலீசு கழண்டு விழுந்துட்டுது. அப்பா கடற்தொழிலாம். தமிழில கதைச்சா மனேச்சர் ஏசுவாராம். தன்ர அப்பர் பிடிக்கிற கணவாயை அவன் எங்களுக்கு இங்கிலீசில விளங்கப்படுத்த வேணும்! அவனில கோவிச்சு என்ன பலன். போகேக்க அம்மா அவன்ர கைக்குள்ள 500 ரூபாவைத் திணிச்சா, "ரீ குடி அப்பன்" எண்டு.

பில்லைக் கேட்டம். 21,000. சரி, தலைவிதி எண்டு தம்பி காட்டை எடுக்க மனேச்சர் தானே வந்தார். கம்பி ஓரத்து மேசைக்கு ஆகக்குறைஞ்சது 25,000க்குச் சாப்பிட வேணுமாம். நாலாயிரம் குறையுதாம். புக் பண்ணேக்க சொன்னதாம். தம்பி போனைத் தட்டித் தேடினான். உண்மைதான், கடைசியில எறும்பு எழுத்தில கிடக்கு. "என்னவும் ஓடர் பண்ணுங்கோ, இல்லாட்டி நாலாயிரத்தைப் பில்லில போடுவம்" எண்டார், சிரிச்ச முகம் மாறாமல். பாக்காத சூரியனுக்கு நாலாயிரம்.

விடுவமோ? சுறோஸ் எண்டு இரண்டு தட்டு, 2,000 படி. நீட்டாப் பிழிஞ்சு பொரிச்சுச் சீனி தூவினது. அம்மா ஒண்டைக் கடிச்சுப் பாத்தா. "முறுக்கு உரலால பிழிஞ்சிருக்கினம். எண்ணெய் காயேல்லை" எண்டா. அவவுக்குத் தெரியாத பிழிச்சலோ?

இப்ப கணக்கைப் பாருங்கோ. சாப்பாடு 25,000. சேவைக்கட்டணம் 10 வீதம், 2,500. அதையும் சேத்து வந்த 27,500க்கு மேல 18 வீதம் வற், 4,950. எல்லாமாக 32,450 ரூபா. 2024 தையில 15இல இருந்து 18 ஆக்கினது அரசாங்கம், அதுக்குக் கடைக்காரரைப் பேசேலாது, விளங்குது. ஆனா மெனுவில போடுற விலையை எல்லாத்தையும் சேத்துப் போட்டா என்ன குறைஞ்சு போகும்? சேவைக் காசில அந்த நாவாந்துறைப் பெடியனுக்கு எவ்வளவு போகுது எண்டும் பில்லில ஒரு வரி போட்டா நான் இன்னும் சந்தோசப்படுவன்.

வீட்டை வர ஒம்பதரை. அம்மா சீலை கூட மாத்தேல்லை, நேரே குசினிக்குள்ள. மா வறுத்துக் கிடந்தது. மனிசி தேங்காய் துருவ, அம்மா மாக் குழைச்சு நீத்துப்பெட்டியில வைச்சா. மத்தியானத்து மீன்குழம்பு சட்டியோட. 70 வயது பிறந்தநாள்காரி இரவு பத்துக்கு அஞ்சு பேருக்குப் புட்டு அவிக்கிறா! ஒருத்தரும் வாயைத் திறக்கேல்லை, சின்னவன் மட்டும் மூண்டாம் தரம் தட்டை நீட்டினான்.

அப்ப தம்பியின்ர போன் கிணுகிணுத்துது. அந்தக் கடைதான். தங்களோட கழிச்ச மாலை எப்பிடி இருந்தது, எத்தினை நட்சத்திரம் தருவியள் எண்டு கேக்கினம். தம்பி பகிடிக்கு அம்மாட்டக் கேட்டான்.

"நட்சத்திரமோ?" எண்டா அம்மா, குழம்பை அவன்ர புட்டில ஊத்திக்கொண்டு. "அந்த நீல வெளிச்சத்துக்குள்ள ஒண்டும் தெரியேல்லை எண்டு எழுது."