ஒற்றைச் சிலம்பு

(சிம்மக்கல் பக்கம் ஒரு பழைய போட்டோ ஸ்டுடியோ. பாஸ்போர்ட் போட்டோவும் காதுகுத்து ஆல்பமும்தான் பிழைப்பு. சுவரில் அருவி வரைந்த படுதா. ஊரில் எல்லோர் கையிலும் செல்போன் வந்த பிறகும் அந்த அருவி மட்டும் வற்றவில்லை. பாண்டி அண்ணன் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருக்க, கல்லூரி மாணவி மீனா கட்டைப்பையோடு நுழைகிறாள்.)

மீனா: அண்ணே, ஞாயிற்றுக்கிழமை ஸ்டுடியோ வேண்டும். காஸ்ப்ளே ஷூட்.

பாண்டி: மாறுவேடப் போட்டியா? ஜெயித்தால் டிபன் பாக்ஸ் தருவார்களே!

மீனா: போட்டி இல்லை அண்ணே. பிடித்த பாத்திரமாகவே மாறி நிற்பது. 'காஸ்ட்யூம் பிளே'யை ஜப்பான்காரர்கள் சுருக்கி வைத்த பெயர்.

பாண்டி: ஆக, பாத்திரம் உண்டு, போட்டிதான் இல்லை. சரி, யாராக வருகிறாய்?

மீனா: கண்ணகி.

பாண்டி: மதுரைக்காரியாக இருந்துகொண்டு மதுரையையே எரிப்பாயா?

மீனா: அவள் பூம்புகார்க்காரி அண்ணே. எனக்குப் பின்னால் தீ எரிய வேண்டும்.

பாண்டி: பின்னால் இருப்பது அருவி. நீ வைக்க வைக்க அணைத்துவிடும். பச்சைத் திரை கட்டுகிறேன், கம்ப்யூட்டரில் தீ போட்டுக்கொள்ளலாம். சேலை என்ன நிறம்?

மீனா: கிளிப்பச்சை. அம்மாவுடையது.

பாண்டி: கெட்டது போ! கம்ப்யூட்டர் பச்சையை எல்லாம் தூக்கிவிடும். தலையும் கையும் மட்டும் மிதக்கும். ஊருக்கு முன்னால் நீ எரிந்துவிடுவாய். கறுப்புத் துணி கட்டி, பின்பக்க விளக்கில் ஆரஞ்சு ஜெல் பேப்பர் ஒட்டுவோம். முடியின் ஓரமெல்லாம் தீப்பிடித்த மாதிரி வரும். விரித்துப்போட முடி இருக்கிறதா?

மீனா: விக்தான். ஃபிளாஷ் அடித்தால் பிளாஸ்டிக் குடம் மாதிரி மின்னுகிறது.

பாண்டி: கொஞ்சம் முகப்பவுடரைத் தூவித் தட்டிவிடு. பார்த்து! கை கூடினால் கண்ணகி போய் ஔவையார் வந்துவிடுவாள்.

மீனா: சிலம்பு இதோ. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்து, வெள்ளி பெயின்ட் அடித்தேன். உடைத்ததும் மாணிக்கம் தெறிக்க உள்ளே மாதுளை முத்து. மொத்தம் 12 சிலம்பு.

பாண்டி: அவளே ஒன்றைத்தானே உடைத்தாள்!

மீனா: அவளுக்கு ரீடேக் இல்லையே. ஷட்டர் வேகத்தை 1/1000 நொடி வைத்தால் சில்லெல்லாம் அந்தரத்தில் நிற்கும்தானே?

பாண்டி: ஃபிளாஷோடு என் கேமரா 1/200 வரைதான் போகும். தாண்டினால் படத்தில் ஒரு பக்கம் கறுத்துவிடும்.

மீனா: அந்தப் பக்கம் எரிந்து முடிந்த மதுரை என்று சொல்லிவிடலாம்.

பாண்டி: ஃபிளாஷ் பவரைக் குறைப்போம். குறைக்கக் குறைக்க வெளிச்சம் சட்டென்று வெட்டி மறையும், சில்லு அப்படியே உறைந்து நிற்கும். அது என் வேலை. மாதுளையைத் துடைப்பது உன் வேலை.

மீனா: அப்புறம் அண்ணே, ராஜா வேடத்துக்கு ஆள் இல்லை. உங்கள் பெயரும் பாண்டி...

பாண்டி: அந்தப் பாண்டியன் தப்பான தீர்ப்பென்று தெரிந்ததும் அரியணையிலிருந்து விழுந்து செத்தான். எனக்கு இடுப்பு வலி தாயி. ஆமாம், ஊரை எரித்தபோது சிலரை விட்டுவிடச் சொன்னாளே, யார் யார்?

மீனா: அறவோர், பசு, மூத்தோர், குழந்தைகள்... போட்டோகிராபர் அதில் இல்லை.

பாண்டி: எனக்கு 58 ஆகிறது. மூத்தோரில் சேர்த்துக்கொள். சரி, அட்வான்ஸ் 1,000 ரூபாய் எடு.

மீனா: அதற்குத்தான் அம்மாவின் வெள்ளிக் கொலுசு ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறேன். ஜோடி தொலைந்துவிட்டது. தெற்கு ஆவணி மூல வீதியில் விற்றுவிட்டு அரை மணியில் வந்துவிடுகிறேன்.

பாண்டி: (பாய்ந்து வாசலை மறிக்கிறார்) ஒற்றைக் கொலுசா? மதுரையிலா? வேண்டாம் தாயி! ஆரப்பாளையத்தில் திண்டுக்கல் பஸ் நிற்கும், அங்கே போய் விற்றுவிட்டு வா!