ஒழிச்சுக் குடுத்தாச்சா?

பாளையங்கோட்டையில் வாடகைக்கு இருந்தபோது வீட்டுக்காரர் ஒருநாள், “ஆனி பொறக்கதுக்குள்ள வீட்டை ஒழிச்சுக் குடுத்துருங்க” என்றார். அவர் மகனுக்குக் கல்யாணம். எனக்குக் கோபமே வரவில்லை. எங்கள் பக்கம் பாத்திரத்தையும் ஒழிப்போம், வீட்டையும் ஒழிப்போம். உள்ளே இருப்பதை எடுத்து வெறுமையாக்குவது, அவ்வளவுதான். கூட இருந்த மெட்ராஸ் நண்பனுக்குத்தான் அது வசவாகக் கேட்டது. ‘காலி பண்ணுங்க’ என்றால் மரியாதையாம். அந்தக் ‘காலி’ அரபியிலிருந்து வந்தது. அதற்கும் வெறுமை என்றுதான் பொருள்!

ஆங்கில ‘எவிக்ட்’ வேறு ரகம். அதன் லத்தீன் வேரில் இருப்பது வெல்லுதல்; ‘விக்டரி’க்கும் அதே வேர்தான். வழக்காடி ஜெயித்துச் சொத்தை மீட்பது. ஒருவன் ஜெயித்தான், இன்னொருவன் தெருவுக்கு வந்தான் என்பதைச் சொல்லே ஒப்புக்கொள்கிறது.

நம் பழைய கல்வெட்டுகளில் ‘குடிநீங்காத் தேவதானம்’ என்று வரும். நிலம் கோயிலுக்குப் போனாலும் அதை உழுகிற குடி அங்கேயே இருக்கும். ‘நீங்கா’ என்று மெனக்கெட்டுக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள் என்றால், நீக்குவதும் நடந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? ‘குடிநீக்கி’ என்றே கொடுத்த கொடைகளும் உண்டு. கொடுமைதான். ஆனாலும் போனது யார் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது: குடி.

இப்போது எங்கள் திருநெல்வேலி மலையில் இருக்கும் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்துக்கு வருகிறேன். சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் 99 வருஷக் குத்தகைக்கு விட்ட மலை. சுமார் 8,373 ஏக்கர். குத்தகை 2028இல் முடிகிறது. 2024இலேயே தேயிலைக் கம்பெனி வேலையை நிறுத்த முடிவெடுத்து, ஆட்களிடம் கையெழுத்து வாங்கியது. அந்தத் தாளில் இருந்த சொல் ‘விருப்ப ஓய்வு’. நாலு தலைமுறையாகத் தோட்டத்து வரிசை வீடான லயன் வீட்டில் இருந்தவர்களுக்குத் திடீரென்று ஒரே மாதத்தில், மொத்தமாக விருப்பம் வந்துவிட்டதாம். இதில் குடியும் இல்லை, நீக்கியவனும் இல்லை. எனக்கு எவிக்டே தேவலை.

பத்திரிகைகள் ‘வெளியேற்றம்’ என்று எழுதின. அதற்குள் ஓர் ஏற்றம் உட்கார்ந்திருக்கிறது பாருங்கள்!

மணிமுத்தாறிலிருந்து அம்பாசமுத்திரம் வரும் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஓர் அக்கா. காலடியில் அரிசிச் சாக்கு, அதற்குள் வேர்மண்ணோடு ஒரு ரோஜாச்செடி. வீட்டை ஒழிச்சுக் குடுத்தாச்சா என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அங்கே அந்தச் சொல் கூசியது. அவரே சொன்னார்:

“கீழ எறங்கிட்டோம் தம்பி. கல்லிடைக்குறிச்சியில வாடகைக்கு ஒரு வீடு பாத்துருக்கு. பத்து மாச அட்வான்ஸ் கேக்காவ.”